காலடியில் பஞ்சு

நான் சொன்ன ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை நோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் மருத்துவமனையில், கால் பார்க்கிற சிறிய அறையில், செவிலியர் பெண் கேட்டார்: "பாதம் எப்படிங்க ஐயா இருக்கு?" யோசிக்கவே இல்லை. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும்மா" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அடுத்து உள்ளே போன அம்மாவின் குரல் கேட்டது. அவரும் பஞ்சு என்றார். அவருக்குப் பின்னால் போனவர் லாரி ஓட்டியவர் என்பது வரிசையில் பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்திருந்தது. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பஞ்சு மேல நடக்கிற கணக்கா இருக்கு" என்றார். மூன்று பேர், ஆறு பாதங்கள், ஒரே பஞ்சு. வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. எங்கள் மூவருக்கும் மெய்யாகவே ஒரே மாதிரிதான் இருக்கிறதா? இல்லை, யாரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போன வாக்கியம் ஆளில்லாத வீடாகத் திறந்து கிடக்க, ஒவ்வொருவராகப் போய் அதில் குடியேறிவிட்டோமா? மருத்துவருக்கு அந்தக் குழப்பம் இருக்க வேண்டியதில்லை. நரம்பு பாதித்தவர்கள் பஞ்சு என்பார்கள், பஞ்சு என்று சொன்னால் நரம்பைப் பார்க்க வேண்டும். அவருடைய வேலைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஏனென்றால் நான் பஞ்சின் மேல் நடந்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. மாசி பங்குனியில் பருத்தி எடுத்து முடித்து, வீட்டுத் திண்ணையிலும் பட்டாசாலையிலும் அம்பாரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். பெரியவர்கள் அசந்த நேரத்தில் நாங்கள் அதில் ஏறிக் குதிப்போம். கால் அமுங்கும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் அமுங்காது, கொட்டை எதிர்த்து நிற்கும். மிதிக்க மிதிக்கக் கொட்டைகள் பாதத்துக்கு அடியில் உருளும். காய்ந்த இலைச் சருகு நொறுங்கிக் குத்தும், காய்த்தோட்டின் கூர் முனை கணுக்காலைக் கீறும். அம்பாரத்துக்குள் கையை நுழைத்தால் நடுவில் வெதுவெதுப்பு. வியர்த்த காலில் இழை ஒட்டிக்கொண்டு நசநசக்கும், உதறினாலும் போகாது. ராத்திரி படுக்கும்போது விரலிடுக்கில் இருக்கிற ஒற்றை இழை குறுகுறுக்கும். அதுதான் பஞ்சின் மேல் நடப்பது. இப்போது என் காலுக்கு அடியில் இருப்பதில் இவை எதுவுமே இல்லை. கொட்டை இல்லை, சருகு இல்லை, சூடு இல்லை, ஒட்டல் இல்லை. தரைக்கும் எனக்கும் நடுவே ஒரு தடிப்பு இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தத் தடிப்பு எதனால் ஆனது என்று கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் அது எதனாலும் ஆனதில்லை. அங்கே ஒரு பொருளே இல்லை. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் ஒரு பொருளின் பெயரைச் சொன்னேன். பஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் சொன்னேனா, நன்றாகத் தெரிந்ததை அந்த நொடியில் மறந்ததால் சொன்னேனா?

அப்பா ஒரு ஜவுளிக் கடையில் 26 வருடம் நின்றவர். துணியைப் பிடித்துப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மூலையைத் தொட மாட்டார். கரையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் துணியைக் கொடுத்து, இரண்டு விரலையும் எதிரெதிராக நகர்த்துவார். அந்த நேரத்தில் அவர் கண் துணியில் இருக்காது. தெருவில் போகிற வண்டியையோ எதிர்க்கடைப் பலகையையோ பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஆள்காட்டி விரலில் லேசாக ஈரம் தொட்டு ஓர் இடத்தில் தேய்ப்பார். வெள்ளையாக மாவு வந்தால் கஞ்சியை ஏற்றிக் கனம் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டாக இருந்தால் மடிப்பைக் கசக்கிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். காடா, மல்லு, லாங்கிளாத், பாப்ளின் என்று பெயர்கள் ஒரு பக்கம். சன்னம், முரடு, நெருக்கம், தொய்வு, மொடமொடப்பு, மொத்தை என்று குணங்கள் இன்னொரு பக்கம். 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் என்று நூலுக்கு ஒரு கணக்கும் உண்டு: 840 கெஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர், நம்பர் ஏற ஏற நூல் சன்னம். ஆனால் ஒரே நம்பரில் வந்த இரண்டு புடவைகளைக் கையில் எடுத்து, ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, "இதுல சீவன் இல்ல" என்பார். வாங்க வந்தவர் தயங்கினால் சொல்வார்: "அக்கா, ரெண்டு தண்ணி படட்டும், அப்பத்தான் இதோட குணம் தெரியும்." அந்த வாக்கியத்தை வியாபாரப் பேச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளின் தொடுகுணம் ஒரே தொடுதலில் வந்துவிடுவதில்லை, அதற்கு நாள் பிடிக்கும் என்பதை அவர் தன் வேலைக்குள்ளிருந்து தெரிந்துவைத்திருந்தார்.

அப்பாவின் விரல் செய்ததை எண்ணாக்கிவிட முடியுமா என்று பார்த்தவர்கள் உண்டு. மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய எஃப்.டி. பியர்ஸ் 1930இல் எழுதிய கட்டுரையின் கேள்வியே அதுதான்: துணியின் கைக்குணத்தை அளக்க முடியுமா? அவருடைய முறை எளிமையானது. ஒரு கீற்றுத் துணியை மேடை விளிம்புக்கு வெளியே மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு நீளத்தில் அது தன் பாரத்தாலேயே தலை சாய்கிறது என்பதுதான் அளவு. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. அப்பா கடை மேசையின் விளிம்பில் முந்தானையை நீட்டிப் போட்டு, அது விழுகிற விழுகையைத்தான் வாங்க வந்தவர்களுக்குக் காட்டுவார். பியர்ஸுக்குப் பிறகு ஜப்பானில், கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவெயோ கவபாத்தா இந்த வேலையை வெகுதூரம் கொண்டுபோனார். இழுத்து, வளைத்து, அமுக்கி, சாய்த்து, மேற்பரப்பை உரசி என்று 16 அளவுகளை எடுக்கும் கருவிகள். ஆனால் கருவிக்கு முன்னால் அவர் செய்த காரியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1972இல் ஒரு குழுவைக் கூட்டினார். கம்பளித் துணி ஆலைகளில் காலமெல்லாம் துணியைத் தொட்டுத் தரம் பிரித்தவர்களை உட்காரவைத்து, அவர்கள் வாயில் புழங்கும் சொற்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் துணியைக் குறிக்கிறது என்று ஒப்புக்கொள்ளச் செய்தார். கோஷி என்றால் வளைத்தால் எதிர்த்து எழுகிற விறைப்பு. நுமெரி என்றால் வழுக்கிப் போகிற மிருது. ஃபுகுராமி என்றால் உள்ளே காற்று நிறைந்த புசுபுசுப்பு. ஷாரி என்றால் இறுக முறுக்கிய நூலில் வரும் மொறமொறப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரித் துண்டுகளை வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் எண். முதலில் கைகள் கூடி உட்கார்ந்தன, பிறகு சொல் நிலைத்தது, கருவி கடைசியில் வந்தது. கருவியால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வது நடுவில் உட்கார்ந்திருந்த அந்தக் கைகளுக்குச் செய்கிற அநியாயம்.

ஜப்பானியரும் நம்மைப்போலவே தொடுகுணத்தை இரட்டித்துத்தான் சொல்கிறார்கள். சொரசொரப்புக்கு அவர்கள் சொல் ஜரஜர. கேட்டதும் ஏதோ உறவு இருப்பதுபோல மனம் தாவுகிறது. அந்தத் தாவலை நான் நம்பவில்லை. சொல் ஏன் இரட்டிக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் தொட்டு இலக்கணம் சொல்லிக்கொண்டு வருகிறது. பள்ளியில் அதை வெறும் விதியாகத்தான் படித்தேன். சொரசொர உண்டு, சொர கிடையாது. வழவழ உண்டு, வழ கிடையாது. விரலை ஒரு சுவரில் வைத்து அசைக்காமல் இருந்து பாருங்கள். சுவர் குளிர்ச்சி என்று தெரியும், கெட்டி என்று தெரியும், சொரசொரப்பு மட்டும் கொஞ்ச நேரத்தில் கையைவிட்டுப் போய்விடும். விரலை நகர்த்தினால் திரும்ப வரும். ஜெர்மானிய உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இல் தொடுவுலகம் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகப் பேசுகிறார்: கண்ணுக்கு ஒளி எப்படியோ, தொடுதலுக்கு அசைவு அப்படி. ஒரு மேட்டில் விரல் ஏறியது என்றால் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மேட்டிலும் ஏறினால்தான் சொரசொரப்பு. அப்படியானால் சொர என்ற ஒற்றைச் சொல் நம் மொழியில் இல்லாமல் போனதற்கு விதி காரணமில்லை. ஒற்றைச் சொர உலகத்திலேயே இல்லை. வழவழ, கொழகொழ, பிசுபிசு, மொழுமொழு, நறநற என்று சொல்லும்போது நாக்கு விரலின் வேலையை மறுபடி செய்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் சின்னப் பையனைப்போல வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அம்மியின் கொத்து, தேங்காய் நார், முறத்தின் பின்பக்கம், வாழை மட்டையின் உட்புறம், பழைய ரூபாய்த் தாள்.

ஒலியும் அதில் கலந்துதான் இருக்கிறது. ஊறு எட்டு வகை என்று பழைய மரபு எண்ணி வைத்திருக்கிறது, அவற்றில் வழுவழுப்புக்குப் பெயர் இழுமெனல். இழும் என்பது ஓர் ஓசை. சொரசொரப்புக்குச் சருச்சரை, அதிலும் உரசல் கேட்கிறது. 1998இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லி, அந்தச் சத்தத்தையே ஒலிவாங்கியில் பிடித்து, உச்ச ஒலிகளைக் கூட்டி, தேய்ப்பவர்களின் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். தங்கள் தோல் உலர்ந்து காகிதம்போல ஆகிவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். கையில் எதுவும் மாறவில்லை, காதில்தான் மாறியது. பட்டு மடிப்பைக் கசக்கிக் காதுக்குக் கொண்டுபோன அப்பா விரலுக்குத் தெரியாத ஒன்றைத் தேடவில்லை என்று இப்போது நினைக்கிறேன். விரல் பாதி கேட்டதன் மீதியைக் கேட்டிருக்கிறார்.

அந்த அறையில் நடக்கும் சோதனையைச் சொல்ல வேண்டும். ஒரு பிடியின் நுனியில் நரம்புபோல ஒரு நைலான் இழை. அதைப் பாதத்தில் நேராக வைத்து அது வளைகிற வரைக்கும் அழுத்துவார்கள். எங்கே தொட்டாலும், யார் தொட்டாலும், வளையும்போது அது தருகிற அழுத்தம் 10 கிராம்தான். "கண்ணை மூடிக்கோங்க ஐயா, தொடும்போது சொல்லுங்க." மூடிக்கொள்வேன். பெருவிரல் அடியில், முன்பாதத்தில், குதிகாலில் என்று அவர் தொட்டுக்கொண்டே போவார் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை போனபோது, இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். இழை என் பெருவிரலில் வளைந்து நின்றுகொண்டிருந்தது. அடுத்து, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டி எலும்பின் மேல் வைப்பார்கள். அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது? தெரிகிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் தட்டியதைக் காதால் கேட்டுவிட்டதால்தான் தெரிகிறதோ என்ற சந்தேகமும் உடனே வந்தது. 1834இல் எர்ன்ஸ்ட் வேபர் கவராயத்தின் இரண்டு முனைகளை உடம்பின் பல இடங்களில் வைத்து, எவ்வளவு விலக்கினால் இரண்டு என்று தெரிகிறது என்று அளந்தார். நாக்கு நுனியில் ஒரு மில்லிமீட்டர் போதும், முதுகில் பல சென்டிமீட்டர் வேண்டும். ஒரே உடம்புக்குள் சன்னமும் முரடுமாக எத்தனை நம்பர் நூல்கள். விரல் நுனி எவ்வளவு சன்னம் என்பதற்கு ஸ்டாக்ஹோமிலிருந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது: வெறும் 13 நானோமீட்டர் ஏற்ற இறக்கம் உள்ள சுருக்கங்களை, வழுவழுப்பான பரப்பிலிருந்து விரல் பிரித்துக் காட்டிவிட்டது. அதே வகைத் தோல்தான் பாதத்திலும் இருக்கிறது. அதன் மேல் 10 கிராம் வளைந்து நிற்பது எனக்குத் தெரியவில்லை.

மரத்துப்போச்சு என்கிறோம். சொல்லுக்குள் மரம் இருக்கிறது. மரக்கட்டைபோல ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் பொருள் கொள்கிறோம், நானும் அப்படித்தான். ஆனால் தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவால் அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் முதல் படியில் வைக்கிறது, ஓரறிவு என்கிறது. அந்த ஓரறிவு தொட்டறிகிற அறிவு. கண் இல்லை, காது இல்லை, மூக்கு இல்லை, நாக்கு இல்லை. ஊறு மட்டும் உண்டு. அந்தக் கணக்கில் மரம் என்பது தொடுதல் மட்டுமேயான உயிர். நம் பேச்சிலோ மரமாவது என்றால் தொடுதலை மட்டும் இழப்பது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. உயிரோடு நிற்கிற மரத்தை ஒருவர் பார்த்தார், அறுத்துப் போட்ட மரத்தை மற்றவர் பார்த்தார் என்று ஒருநாள் சமாதானம் செய்துகொண்டேன், அது நிற்கவில்லை. ஊறு என்ற சொல்லும் இதே மாதிரி இரட்டை முகம். தொடுதலுக்கும் அதுதான் சொல், காயத்துக்கும் கேட்டுக்கும் அதுதான் சொல். உற்றது ஊறு. வந்து பட்டது எதுவானாலும், பூவானாலும் முள்ளானாலும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்க வழியில்லை என்று அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவம் அதை வெகு தாமதமாகத் தெரிந்துகொண்டது, அதுவும் நம் ஊரில். 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பரவலாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். தன்னால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைப் போட்டுச் சட்டென்று திருப்பிவிட்டதைப் பார்த்து வியந்தார். பிறகு அவன் கையைப் பார்த்தார். சாவி சதையை எலும்பு வரைக்கும் வெட்டியிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்தது தெரியாமல் காலையில் எழுந்தவர்கள் இருந்தார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் பூனை வளர்க்கச் சொன்னார்கள். சதை கெட்டுப்போகவில்லை, ஊறு தெரியாததால் ஊறு நேர்ந்தது. அவர்களுடைய கால்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் செய்து பார்த்துப் பரவிய நுண்ணறை ரப்பர் செருப்பு இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் என்னைப்போன்ற சர்க்கரைக்காரர்களின் காலில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது மெத்தென்று இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். ஆமாம் என்றேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொல்கிற ஒவ்வொரு தொடுசொல்லின் மேலும் எனக்கு ஐயம் வந்துவிட்டது. குளியலறைத் தரை வழுக்குகிறது என்கிறேன். பாதத்தால் தெரிந்து சொல்கிறேனா, ஈரத்தின் மினுக்கைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேனா? ஈரம் என்பதே விசித்திரமான ஒன்று. மனிதத் தோலில் ஈரத்துக்கென்று தனி உணர்வாங்கி கிடையாது. குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்து வரும் விதத்தைக் கொண்டு, இது ஈரம் என்று மூளை முடிவு செய்கிறது. மார்கழி மாலையில் கொடியில் கிடக்கும் வேட்டியைத் தொட்டுவிட்டு, காய்ந்துவிட்டதா, வெறும் குளிர்ச்சியா என்று தீர்மானிக்க முடியாமல் கன்னத்தில் வைத்துப் பார்க்காதவர் யார்? ஒரே அறையில் ஒரே வெப்பத்தில் கிடக்கிற எவர்சில்வர் தம்ளர் ஜில்லென்றும், பலகை அப்படியில்லாமலும் இருப்பதும் இந்த வகைதான். தம்ளர் நம் கைச்சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, பலகை மெல்ல. நாம் சொல்லுகிற குளிர்ச்சி அந்தப் பொருளில் இல்லை. நம்மிடமிருந்து எவ்வளவு வேகமாகச் சூடு போகிறது என்பதில் இருக்கிறது. குளிர்ந்த நாணயம் அதே எடையுள்ள சூடான நாணயத்தைவிடக் கனமாகத் தெரியும் என்று கண்டு சொன்னவரும் அந்த வேபர்தான். இப்படி, நல்ல கையே பாதியை ஊகத்தில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால், கெட்ட காலை மட்டும் நான் ஏன் பொய் சொல்வதாகச் சந்தேகிக்க வேண்டும்? ஆனாலும் சந்தேகிக்கிறேன். நல்ல கை ஊகிக்கும்போது அதனிடம் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. என் காலுக்கு வந்து சேர்வது குறைந்துகொண்டே போகிறது, சொல் மட்டும் குறையாமல் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெருப்பே இல்லாத இடத்தில் பாதம் காந்துகிறது. எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்தால், தொட்டுப் பார்க்கிற என் கைக்குப் பாதம் ஜில்லென்றிருக்கிறது. யார் சொல்வதை நான் நம்ப வேண்டும், காலையா கையையா?

இந்தச் சொற்கள் எனக்கு எப்படி வந்தன என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுகூட வாயால் சொல்லி வந்ததில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் ஒரு சொட்டுப் பாகை விடுவாள். விரலால் கூட்டி உருட்டுவாள். கரைந்து போனால் இன்னும் ஆகவில்லை. தக்காளிபோல நெகிழ்ந்து உருண்டால் பதம். கல்லுபோல ஆகிவிட்டால் தப்பிவிட்டது. இரண்டு நிலைக்கும் நடுவே அடுப்பில் சில நொடிகள்தான் இருக்கும், அந்தச் சில நொடிக்குள் என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டு, "இந்தா பாரு, இதுதான்" என்பாள். இதுதான் என்ற சொல்லைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. நமக்குப் பதம் என்றால் சொல் என்றும் பொருள், தொட்டுத் தெரிகிற பக்குவம் என்றும் பொருள். அவை வேறு வேறு வழியில் வந்து ஒன்றாகச் சேர்ந்த சொற்களாக இருக்கலாம். என் காதில் ஒன்றாகவே கேட்கின்றன. கடையில் அப்பாவும் அப்படித்தான். எனக்குப் பத்து வயதிருக்கும், ஒரு மல்லுத் துணியை என் விரல்களுக்கு நடுவே கொடுத்து, தன் விரல்களை என் விரல்களுக்கு வெளியே வைத்துக்கொண்டார். "அமுக்காத. நகத்து." நகர்த்தினேன். "இப்ப இத." இன்னொன்றைக் கொடுத்தார். "எது சன்னம்?" சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவருடைய விரல்கள் என் விரல்களோடு அசைந்துகொண்டே இருந்தன. அவருடைய விரலின் தடிப்பும் துணியின் சன்னமும் ஒரே நேரத்தில் என் விரலில் இருந்தன. சன்னம் என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் எனக்கு அந்த இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. ஆகவே பஞ்சு என்று நாங்கள் மூன்று பேர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் கையை எடுத்து அதில் வைத்து இதுதான் என்று சொல்ல ஆளில்லாத ஓர் உணர்வு அது. தொட்டுக்காட்ட முடியாத இடத்தில் பக்கத்துச் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறோம். மெத்தென்று இருக்கும் பஞ்சின் சொல்லைக் கொண்டுபோய் இந்த இழப்புக்கு வைத்தோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பா பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்த சொற்களில் ஒன்றுகூடவா எனக்கு அகப்படாமல் போயிற்று?

நரம்பு பாதிப்பு பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறுமாம். அது முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனியிலும் தொடங்கும் என்று மருத்துவர் சொன்னார். நீளமான நரம்புகள் முதலில் போகின்றன. ஒரு மாதமாக வலது கை நடுவிரலில் ஒரு மதமதப்பு இருக்கிறது. இருக்கிறதா, இருப்பதாக நான் தேடுகிறேனா என்று தெரியவில்லை. பெட்டியில் அப்பாவின் மேல்துண்டு ஒன்று இருக்கிறது, எத்தனையோ தண்ணி பட்டது. அதைத் தினமும் ஒரு தடவை எடுத்து, கரையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விரல்களை எதிரெதிராக நகர்த்திப் பார்க்கிறேன். இன்னும் தெரிகிறது.

போன வாரம் மறுபடி அந்த அறை. அதே பெண், அதே நைலான் இழை. "பாதம் எப்படிங்க ஐயா இருக்கு?" பஞ்சு என்று வாய் வரைக்கும் வந்ததை நிறுத்திக்கொண்டேன். "பஞ்சு இல்லம்மா. கஞ்சி போகாத காடாவை நாலு மடிப்பு மடிச்சு, கால்ல இறுக்கிச் சுத்திக்கிட்டு அது மேல நடக்கிற மாதிரி" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "காடான்னா என்னங்க ஐயா?" என்று கேட்டார். எழுதிக்கொள்வதற்காகக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். "இது காடா இல்ல. இதவிட முரடு. இதப் பிடிச்சுப் பாருங்க." அவர் மூலையைப் பிடித்தார். அங்கே வேண்டாம் என்று கரையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். "அமுக்காதீங்கம்மா. நகத்துங்க." நகர்த்தினார். கண் என் மேலிருந்து விலகி ஜன்னல் பக்கம் போனது. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். "இதுவே ரெண்டு பங்கு மொத்தமா, கஞ்சியோட விறைப்பா இருக்குன்னு வச்சுக்கோங்க" என்றேன். அவர் பதில் சொல்லாமல் இன்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்.